எலெக்ட்ரிக் கிட்டார் டெம்ப்ளேட்டும் ஜிக்கும்: செய்து பழகியவர்களின் பகிர்வு

டெம்ப்ளேட் என்பது ரூட்டர் (சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் கருவி) ஒட்டி ஓடும் அச்சுப் பலகை; ஜிக் என்பது வேலையைச் சரியான இடத்தில் பிடித்துக்கொடுக்கும் அமைப்பு. டெம்ப்ளேட்டில் பாதித் தவறு கிட்டார் வரைபடத்தை அச்சிடும்போதே உள்ளே வந்துவிடுகிறது. அச்சு அமைப்பில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள். அதோடு விடாமல், தாளில் உள்ள அளவுக்கோட்டை நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். தாள் நகரும் திசையில் பிரிண்டர் ஒரு சதவீதம் இழுத்தாலும் நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் கம்பி உட்காரும் பட்டை) பிரிட்ஜ் வரை (பாடியில் கம்பியைத் தாங்கும் பாகம்) உள்ள 647.7 மி.மீ. (25.5 அங்குலம்) ஸ்கேல் நீளத்தில் அது ஆறரை மி.மீ. ஆகிவிடும். பல தாள்களைச் சேர்க்கும்போது ஓரத்தோடு ஓரம் பொருத்தாதீர்கள். முதலில் பலகையில் நடுக்கோட்டைக் கத்தியால் கீறுங்கள். ஒவ்வொரு தாளின் நடுக்கோட்டையும் அந்தக் கீறல்மேல் வைத்து ஒட்டுங்கள்.

பலகைக்கு 12 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போதும். பிளைவுட்டில் உள்ளடுக்குகளில் வெற்றிடம் இருக்கும். ரூட்டர் பிட்டில் இருந்து டெம்ப்ளேட் விளிம்பைத் தொட்டு உருளும் பேரிங் அதில் விழுந்தால் அந்தப் பள்ளம் அப்படியே கிட்டாரிலும் விழும். கோட்டுக்கு வெளியே 1 முதல் 2 மி.மீ. விட்டு ஜிக்ஸாவால் அறுத்து, மீதியை அரத்தாலும், டிரில்லில் மாட்டிய சாண்டிங் டிரம்மாலும் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். வளைவைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கண்ணை மூடி விரலால் தடவினால் மேடுபள்ளம் சட்டென்று தெரியும். வடிவம் முடிந்ததும் விளிம்பு முழுக்க தண்ணீர் போன்ற சூப்பர் க்ளூவை ஊறவிட்டு, காய்ந்தபின் 240 உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். எம்.டி.எஃப். விளிம்பு மெத்தென்று இருக்கும். இதைச் செய்யாவிட்டால் நாலைந்து முறை ஓட்டியதும் பேரிங் அதில் தடம் பதித்துவிடும். எம்.டி.எஃப். தூள் மிக நுண்ணியது, பிசினும் கலந்தது. துணி கட்டினால் போதாது, N95 மாஸ்க் வேண்டும்.

இன்னொன்று: பாடியின் வெளிவடிவம் ஒரு மி.மீ. தப்பினால் யாருக்கும் தெரியாது. நெக் பாக்கெட் (பாடியில் நெக் உட்காரும் பள்ளம்), பிரிட்ஜ் இரண்டிலும் அரை மி.மீ. தப்பினாலே வாசிக்கும்போது தெரியும். வெளிவடிவத்தைக் காகிதத்திலிருந்து எடுக்கலாம். மற்ற எல்லாவற்றையும் கையில் இருக்கும் உதிரிபாகத்தை அளந்துதான் எடுக்க வேண்டும்.

* * *

மேலே சொன்ன டெம்ப்ளேட்டோட ரூட்டர் பிட்டையும் சேர்த்து யோசிக்கணும். நிறையப் பேர் சிக்கிக்கிற கணக்கு இது. மேல்பக்கம் பேரிங் வச்ச பிட், வெட்டும் நீளம் 25 மி.மீ.னு வச்சுக்குங்க. பேரிங் குறைஞ்சது 3 மி.மீ. ஆவது டெம்ப்ளேட்ல உட்காரணும். அப்போ டெம்ப்ளேட்டோட மேல்முகத்துல இருந்து பிட் 28 மி.மீ. கீழே போகும். டெம்ப்ளேட் 12 மி.மீ.தான், அதனால முதல் ஓட்டத்துலயே மரத்துக்குள்ள 16 மி.மீ. இறங்கியாகணும். அது வெட்டு இல்ல, விபத்து. பிட் கத்தும், மரம் கருகும், ஓரம் பிய்ஞ்சு வரும்.

இதுக்கு வழி ரெண்டு. வெட்டும் நீளம் 12 மி.மீ. இருக்கிற குட்டைப் பிட் வாங்கினா முதல் ஓட்டம் 3 மி.மீ.தான் இறங்கும். இல்லேன்னா டெம்ப்ளேட்டுக்கு மேல இன்னொரு 12 மி.மீ. துண்டை ஒட்டி 24 ஆக்கிக்குங்க, 25 மி.மீ. பிட்டே 4 மி.மீ.ல ஆரம்பிக்கும். பள்ளம் கொஞ்சம் ஆழமானதும் மரத்தோட சுவரே பேரிங்குக்கு வழிகாட்டி ஆயிடும். அப்புறம் டெம்ப்ளேட்டைக் கழட்டிட்டு மீதியை இறக்கலாம். எப்படி இருந்தாலும் பிக்கப் குழி (கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தம் உட்காருற இடம்), கன்ட்ரோல் குழி (வால்யூம், டோன் குமிழ்கள் உட்காருற இடம்) ரெண்டையும் முதல்ல ஃபோர்ஸ்ட்னர் பிட்டால (அடி தட்டையா துளை போடுற பிட்) துளைபோட்டுக் காலி பண்ணிட்டு, ரூட்டரைச் சுவர் செதுக்க மட்டும் விடுங்க.

கொலெட் (பிட்டோட தண்டைப் பிடிக்கிற பாகம்) விஷயத்துல ஒரு எச்சரிக்கை. 6 மி.மீ. தண்டும் கால் அங்குலத் தண்டும் ஒண்ணு இல்ல, அது 6.35. கால் அங்குல கொலெட்ல 6 மி.மீ. பிட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது நழுவும். ஓடும்போது கீழே இறங்கி பாக்கெட் தரையையே தாண்டிப் போயிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னாடி பேரிங்கை விரலால சுத்திப் பாருங்க. டேப் பசை ஏறிச் சிக்கியிருந்தா பேரிங் பிட்டோடயே சுத்தி டெம்ப்ளேட் விளிம்பை எரிச்சிடும்.

டெம்ப்ளேட்டை ஒட்ட ரெட்டைப்பக்க டேப்பை நான் நம்புறதில்ல. மரத்துல ஒரு மாஸ்கிங் டேப், டெம்ப்ளேட்ல ஒரு மாஸ்கிங் டேப், நடுவுல சூப்பர் க்ளூ. நல்லாப் பிடிக்கும், உரிச்சா சுத்தமா வரும்.

* * *

பாடி வெளிவிளிம்பை ஓட்டும் திசையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? கையில் பிடிக்கும் ரூட்டரில் வெளிவிளிம்பைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலும், குழியின் உட்சுவரைக் கடிகாரத் திசையிலும் நகர்த்த வேண்டும். டேபிளில் மாட்டிய ரூட்டரில் இது தலைகீழ்.

ஆனால் இந்த விதிப்படியே சுற்றி வந்தாலும் நாலு இடத்தில் மரம் பிய்யும். பாடியின் ஒவ்வொரு வளைவிலும் பாதித் தூரம் மரத்தின் ரேகையோடு (நார் ஓடும் திசை) இறங்குவது, மீதிப் பாதி ரேகையை எதிர்த்து ஏறுவது. ஏறும் பக்கத்தில் பிட் நாரைத் தூக்கிப் பிளக்கும். கொம்பு (பாடியின் நீட்டிய முனை) நுனியில் அது துண்டாகவே பறக்கும். பிட்டில் மேலும் கீழும் பேரிங் இருந்தால் இதற்கு வழி உண்டு. முதலில் ரேகையோடு இறங்கும் பகுதிகளை மட்டும் வெட்டுங்கள். பிறகு பாடியைக் கவிழ்த்து, டெம்ப்ளேட் அடியில் இருக்கும்படி வைத்து, கீழ்ப் பேரிங்கைக் கொண்டு மீதியை ஓட்டுங்கள். கவிழ்த்ததும் அதே திசை ஓட்டம் இப்போது இறக்கமாக மாறியிருக்கும். அதற்கு முன் ரம்பத்தால் முடிந்தவரை கோட்டை நெருங்கிவிடுங்கள். 44 மி.மீ. தடிமன் மரத்தில் பிட் எடுக்க வேண்டியது ஓரத்தில் 1 முதல் 2 மி.மீ. மட்டுமே. அதிகம் விட்டுவிட்டு ரூட்டரை நம்புபவர்களுக்குத்தான் கொம்பு உடைகிறது.

* * *

நெக் பாக்கெட் டெம்ப்ளேட்டை இணையத்தில் கிடைக்கும் வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். ஃபெண்டர் வகை நெக்கின் அடிப்பகுதி ஏறக்குறைய 56 மி.மீ. அகலம், பாக்கெட் நீளம் 76 மி.மீ., ஆழம் 16 மி.மீ. என்பார்கள். கைக்கு வரும் நெக்கில் அகலமே அரை மி.மீ. மாறும், பக்கங்கள் இணையாகவும் இருக்காது, சரிந்துதான் போகும்.

நெக்கை வைத்தே டெம்ப்ளேட்டைக் கட்டுவதுதான் சரி. நடுக்கோடு கீறிய பலகைமேல் நெக்கை வையுங்கள். நட்டின் நடுவிலிருந்து பாடியின் அடிவரை ஒரு நூலை இழுத்துக் கட்டி, அது கோட்டின் மேலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். நட்டின் இரு ஓரங்களிலிருந்தும் ஃபிரெட்போர்டு (ஃபிரெட் என்னும் உலோகக் கம்பிகள் பதிந்த, நெக்கின் முன்பலகை) விளிம்பை ஒட்டி இன்னும் இரண்டு நூல் இழுத்து, பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் அவை நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் விழுகின்றனவா என்றும் அளந்துகொள்ளுங்கள். பிறகு 12 மி.மீ. எம்.டி.எஃப். பட்டைகளில் இரண்டை நெக்கின் இரு பக்கமும், ஒன்றை அடிமுனையிலும் நெருக்கி வைத்து, அவற்றை மேலே ஒரு குறுக்குப் பட்டையால் ஒட்டி இணையுங்கள். நெருக்குவதற்கு முன் நெக்கின் பக்கங்களில் ஒரு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டினால், பின்னால் ஏறப்போகும் பெயிண்டுக்கும் லாக்கருக்கும் இடம் கிடைக்கும். பசை காய்ந்ததும் நெக்கை எடுத்துவிட்டால் மிஞ்சும் இடைவெளிதான் டெம்ப்ளேட். குறுக்குப் பட்டை ரூட்டரின் வழியில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலை வளைவு பிட்டின் விட்டத்தைப் பொறுத்தது. 16 மி.மீ. பிட் 8 மி.மீ. ஆரம் விடும், 10 மி.மீ. பிட் 5 மி.மீ. விடும். நெக்கின் மூலை அதைவிடக் கூர்மையாக இருந்தால் மிச்சத்தை உளியால் எடுக்க வேண்டியதுதான்.

கண்டிப்பாக முதலில் ஒரு கழிவு மரத்தில் வெட்டி நெக்கைப் பொருத்திப் பாருங்கள். நெக்கைத் தூக்கினால் திருகே இல்லாமல் பாடியும் சேர்ந்து தொங்க வேண்டும் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அவ்வளவு இறுக்கம் தேவையில்லை. கட்அவே (கை எட்டுவதற்காகப் பாடியில் வெட்டிய வளைவு) பக்கம் பாக்கெட்டின் சுவர் மெல்லியது. நெக்கை அழுத்தித் திணித்தால் அங்கேதான் லாக்கர் வெடிக்கும். கையால் அழுத்தினால் இறங்கி, பக்கவாட்டில் ஆடாமல் இருந்தால் போதும்.

* * *

அண்ணே, டியூன்-ஓ-மேட்டிக் மாதிரி உயரமான பிரிட்ஜ் போட்டா பாக்கெட்டுக்குச் சரிவு வேணுமே, அதுக்கு ஜிக் எப்படி?

* * *

டெம்ப்ளேட்டுக்கு அடியில் ஒரு ஆப்பு வைத்தால் முடிந்தது, தம்பி. 2 டிகிரி என்றால் 76 மி.மீ. நீளத்துக்கு 2.65 மி.மீ. ஏற்றம். ஆப்பின் தடித்த முனை பிரிட்ஜ் பக்கம் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் ரூட்டர் உயரமாக நிற்பதால் பள்ளம் ஆழம் குறையும், நெக் பின்னோக்கிச் சாயும். மாற்றி வைத்தால் நெக் முன்னோக்கிச் சாய்ந்து, கம்பி ஃபிரெட்டிலிருந்து மிக உயரத்தில் நிற்கும். கோணம் எவ்வளவு என்பதைப் பக்கவாட்டுப் படம் முழு அளவில் வரைந்து எடுங்கள்: ஃபிரெட்டின் மேல்முகக் கோட்டை நீட்டினால் பிரிட்ஜின் மிகக் குறைந்த உயரத்துக்குச் சற்று மேலே போக வேண்டும்.

* * *

ஃபிரெட் வெட்டும் ஜிக். ஸ்கேல் நீளத்தில் மீதமுள்ளதை 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டின் தூரம் வரும். 647.7 மி.மீ.க்கு முதல் ஃபிரெட் 36.35, இரண்டாவது 70.67, மூன்றாவது 103.05, பன்னிரண்டாவது சரிபாதியாக 323.85. எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால் ஒவ்வொன்றிலும் 0.1 மி.மீ. பிசகினாலும் பன்னிரண்டில் ஒரு மி.மீ.க்கு மேல் சேர்ந்துவிடும்.

நீண்ட அக்ரிலிக் பட்டையின் ஓரத்தில் இந்த இடங்களில் 0.6 மி.மீ. வெட்டுகள் போட்டு, ஃபிரெட்போர்டின் அடியில் ஒட்டுங்கள். ரம்பப் பெட்டியின் பக்கச்சுவரில் அதே தடிமனில் ஒரு ஸ்டீல் முள். பட்டையின் வெட்டு முள்ளில் விழுந்ததும் அறுக்க வேண்டியதுதான். நட்டின் இடமும் அதே பட்டையில் முதல் வெட்டாக இருக்க வேண்டும். தனியாக அளந்தால் முழு வரிசையும் தள்ளிப்போகும். பலகையின் இரு ஓரமும் இணையாக இருக்கும்போதே அறுத்துவிடுங்கள். நெக் வடிவத்துக்குச் சரித்தபின் மூலைமட்டம் வைக்க நேரான ஓரம் இருக்காது.

ஆழத்தில் ஏமாறுபவர்கள் உண்டு. ஃபிரெட்போர்டின் மேல்முகத்தை 12 அங்குல ரேடியஸ் வளைவுக்குத் தேய்த்தால் 56 மி.மீ. அகலப் பலகையில் ஓரம் 1.3 மி.மீ. இறங்கும். 9.5 அங்குலம் என்றால் 1.6, பழைய 7.25 என்றால் 2.1 மி.மீ. தேய்ப்பதற்கு முன் 3 மி.மீ. ஆழம் வெட்டியிருந்தால் 7.25இல் ஓரத்தில் மிஞ்சுவது 1 மி.மீ.கூட இல்லை, ஃபிரெட்டின் கால் தரையில் முட்டி ஓரம் தூக்கிக்கொள்ளும். ரம்பத்தின் ஆழத் தடையை ரேடியஸுக்கு ஏற்ப மாற்றுங்கள், அல்லது தேய்த்தபின் ஒருமுறை ஆழப்படுத்துங்கள்.

ரேடியஸுக்கு, ரூட்டரை வில்போல ஆட்டும் ஊஞ்சல் ஜிக் கட்டுபவர்கள் வளைவின் அளவைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள். 305 மி.மீ.க்குப் பதில் 300 ஆகிவிட்டால் ஓரத்தில் வித்தியாசம் 0.02 மி.மீ.தான். கவலைப்பட வேண்டியது நடு. பலகையின் நடுக்கோடு ஊஞ்சலின் நடுவிலிருந்து 1 மி.மீ. விலகினால் ஒரு ஓரம் மற்றதைவிட 0.18 மி.மீ. தடிக்கும். இரு முனையிலும் நடுக்கோட்டில் மெல்லிய முள் வைத்துப் பலகையை அதில் குத்தி உட்கார வைத்தால் விலக வழியே இல்லை.

* * *

டிரஸ் ராட் (நெக் வளையாமல் பிடிக்கும் உள்கம்பி) பள்ளத்துக்கு பேரிங் பிட்டைவிட கைட் புஷ் (ரூட்டர் அடியில் மாட்டும் வழிகாட்டி வளையம்) நல்லது. ராட் 6 மி.மீ. அகலம், புஷ்ஷின் வெளிவிட்டம் 10 மி.மீ. என்றால் டெம்ப்ளேட்டில் 10 மி.மீ. அகலக் காடி வேண்டும். பக்கத்துக்கு 2 மி.மீ. தள்ளல். ராட்டை வெர்னியரால் அளந்துவிட்டுப் பிட்டைத் தேர்ந்தெடுங்கள், 6க்கும் 6.35க்கும் இங்கேயும் வித்தியாசம் உண்டு. தளர்வாக உட்கார்ந்தால் வாசிக்கும்போது ராட் கிலுகிலுக்கும். நெக் மரம் சதுரக் கட்டையாக இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும்.

பாடி டெம்ப்ளேட்டில் நடுக்கோட்டில் 3 மி.மீ. துளை இரண்டு போட்டுவையுங்கள். ஒன்று நெக் பாக்கெட்டுக்குள், ஒன்று பிக்கப் குழிக்குள். எப்படியும் அந்த இடங்கள் வெட்டப்பட்டுவிடும், தடம் தெரியாது. எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அதே இரண்டு முள்ளில் உட்காரும். முதலில் செய்த டெம்ப்ளேட்டைக் கொண்டு நேரடியாக மரத்தை வெட்டாதீர்கள். அதிலிருந்து ஒரு நகல் எடுத்து நகலைப் பயன்படுத்துங்கள். பிட் ஒருமுறை எகிறி நகலைக் கடித்தால், மூலத்திலிருந்து கால்மணி நேரத்தில் இன்னொன்று எடுத்துவிடலாம்.