கேபிள் கிளட்சை ஹைட்ராலிக் கிளட்சாக மாற்றலாமா?

கேள்வி:
வணக்கம். என்னுடையது கேபிள் கிளட்ச் உள்ள பழைய சின்ன கார். நெரிசலில் ஓட்டினால் முட்டி வலிக்கிற அளவுக்குப் பெடல் கனமாக இருக்கிறது. புதுக் கேபிள் போட்டேன், சில மாதம் நன்றாக இருந்தது, மறுபடியும் இறுகிவிட்டது. இதே காரின் பிந்தைய மாடலில் கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் வருகிறது, அதன் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளுவது), ஸ்லேவ் சிலிண்டர் (கியர்பாக்ஸ் பக்கம் அந்த அழுத்தத்தில் நகர்வது), பைப் எல்லாம் பழைய பாகமாகக் கிடைக்கிறது. மெக்கானிக் போட்டுவிடலாம் என்கிறார், ஆனால் இதுவரை அவர் செய்ததில்லையாம். எங்கே சிக்கல் வரும்?

பதில் 1:
முதலில் கனம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு பெடலைக் கையால் அழுத்துங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கேபிளோ பெடல் புஷ்ஷோதான் (பெடலின் அச்சு சுழலும் வளையம்) காரணம். லேசாக இருந்தால் கேபிள் மேல் சந்தேகம் பெரும்பாலும் வேண்டாம், ஃபோர்க் (கியர்பாக்ஸுக்குள் கிளட்சை விடுவிக்கும் கவை) ஷாஃப்ட்டின் புஷ் காய்ந்திருக்கலாம், அல்லது கிளட்ச் டிஸ்க் தேய்ந்திருக்கலாம், டிஸ்க் தேயத் தேய அதை அழுத்திப் பிடிக்கும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்த அதிக பலம் வேண்டும். இந்த இரண்டும் ஹைட்ராலிக் போட்டாலும் அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்று, புதுக் கேபிள் இவ்வளவு சீக்கிரம் இறுகினால் இன்ஜினுக்கு வரும் எர்த் வயரை (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) பாருங்கள். அது அறுந்தோ துருப்பிடித்தோ இருந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாகப் போகும், கேபிள் சூடேறி உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகிவிடும். கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் இதே கதிதான்.

பதில் 2:
மேலே சொன்னதைப் பார்த்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால் திசையைக் கவனியுங்கள், பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அங்கேதான். கேபிள் ஃபோர்க் லீவரை இழுக்கிறது. சாதாரண ஸ்லேவ் சிலிண்டரோ தள்ளும். அதனால் ஸ்லேவை லீவரின் எதிர்ப்பக்கம் உட்கார வைக்க வேண்டும், அதற்கு கியர்பாக்ஸ் உறையில் போல்ட் துளை இருக்கிறதா, இல்லையென்றால் கனமான பிராக்கெட் செய்ய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய தகட்டில் பிராக்கெட் செய்தால் அது வளையும், பெடல் அழுத்தியதில் பாதி அதிலேயே போய்விடும். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவில் உள்ள தகடு) மாஸ்டர் சிலிண்டர் உட்காரும் இடத்துக்கும் இதே கதைதான், பின்னால் பட்டை கொடுத்து பலப்படுத்துங்கள்.

பெடல் பக்கமும் ஒரு பிரச்சினை உண்டு. பல கேபிள் கார்களில் கேபிள் பெடலின் அச்சுக்கு மேலே மாட்டியிருக்கும், மாஸ்டரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடையோ அச்சுக்குக் கீழே மாட்டி முன்னால் தள்ள வேண்டும். அதனால் பைப்பும் சிலிண்டரும் மட்டும் வாங்காதீர்கள், அந்த மாடலின் பெடலைத் தாங்கும் பிராக்கெட்டோடு சேர்த்து வாங்குங்கள்.

அப்புறம் அளவு. இப்போது லீவர் முனை எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாஸ்டரின் விட்டத்தை ஸ்லேவின் விட்டத்தால் வகுத்து, வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மாஸ்டர் நகரும் தூரத்தோடு பெருக்கினால் ஸ்லேவ் நகரும் தூரம் வரும். மாஸ்டர் 15.87 மி.மீ., ஸ்லேவ் 19.05 மி.மீ. என்றால் மாஸ்டர் 30 மி.மீ. போகும்போது ஸ்லேவ் கிட்டத்தட்ட 21 மி.மீ. போகும். ஸ்லேவை 22.2 மி.மீ. ஆக்கினால் பெடல் லேசாகும், ஆனால் தூரம் 15 மி.மீ.தான், கிளட்ச் முழுதாக விடாது, கியர் கரகரக்கும். ஹைட்ராலிக் என்றாலே லேசு என்று நினைக்க வேண்டாம், கேபிளின் உராய்வு அளவுக்குத்தான் உண்மையான லாபம். தூரம் அதிகமானால் டயாஃப்ரம் விரல்கள் கெட்டுவிடும், பெடலுக்குக் கட்டாயம் ஒரு ஸ்டாப் வையுங்கள்.

பதில் 3:
நான் சேர்க்க வேண்டியது கொஞ்சம்தான். இன்ஜின் ஆடும், பாடி ஆடாது, அதனால் முழுவதும் இரும்புக் குழாய் போடாமல் ஸ்லேவ் பக்கம் ரப்பர் ஹோஸ் வையுங்கள். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். புஷ் ராடில் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விட மறக்காதீர்கள், இல்லையென்றால் மாஸ்டரில் ஆயில் திரும்பும் துளை திறக்காது, சூட்டில் ஆயில் விரிந்து கிளட்ச் தானாக நழுவும். பழைய சிலிண்டர் என்றால் ரப்பர் சீல் கிட் புதிதாகப் போடுங்கள். ஆயில், பிரேக் ஆயில் வகைகளான டாட் 3 அல்லது டாட் 4, சிலிக்கான் வகையான டாட் 5 வேண்டவே வேண்டாம். பிரேக் ஆயில் டப்பாவிலிருந்தே எடுப்பதாக இருந்தால், கிளட்ச் குழாய் டப்பாவில் உயரமான இடத்தில் இருக்க வேண்டும். கிளட்ச் ஒழுகினாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்சியே ஆக வேண்டும், இதில் மட்டும் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கேபிளைக் கழற்றிப் பார்த்தேன், உள் உறை ஓரிடத்தில் உருகி ஒட்டியிருக்கிறது. எர்த் வயரின் போல்ட் முழுக்க துரு. கேபிளை முழுதாக எடுத்த பிறகு பெடல் லேசாகவே இருக்கிறது, அதனால் பெடல் புஷ்ஷில் குறை இல்லை. இனி என்ன செய்வது?

பதில் 1:
எர்த்தைச் சுத்தம் செய்து புது வயர் போடுங்கள், பிறகு நல்ல கேபிள், கூர்மையாக வளையாமல். ஹைட்ராலிக் ஆசை இருந்தால் கிளட்ச் செட் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும் நாள் வரை காத்திருங்கள், ஃபோர்க்கையும் புஷ்ஷையும் அப்போதுதான் கையில் எடுத்துப் பார்க்க முடியும்.