மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

கேள்வி: புதிய பார்வையாளர்

வணக்கம். பணி மாறுதலில் கொல்கத்தாவுக்குக் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அலுவலகத்தில் என் வலப்பக்க மேசைக்காரர், இந்நகரின் கால்பந்து கிளப்பான மோகன் பகானின் ரசிகர். இடப்பக்க மேசைக்காரர், அதன் எதிரணியான ஈஸ்ட் பெங்காலின் ரசிகர். மற்ற நாட்களில் மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து உண்ணும் இருவரும், இவ்விரு அணிகளும் மோதும் டெர்பிக்கு முந்தைய நாளிலிருந்து ஒருவரை ஒருவர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. சென்ற முறை ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, தோற்ற அணியின் ரசிகர் வருவதற்கு முன்பே அவருடைய நாற்காலியின் முதுகில் எதிரணியின் கொடியை யாரோ ஊசி குத்திப் பொருத்தியிருந்தார்கள். அவர் அதைக் கழற்றி, கசங்காமல் நான்காக மடித்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த மேசையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். அந்தக் காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை.

இங்கே யாரைக் கேட்டாலும், மேற்கு வங்கத்துப் பூர்வகுடிகளான 'கோட்டி'கள் மோகன் பகான், கிழக்கு வங்கத்திலிருந்து வந்த 'பாங்கால்'கள் ஈஸ்ட் பெங்கால் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால், என் வலப்பக்க நண்பரின் தாத்தா கிழக்கு வங்கத்துப் பரிசாலிலிருந்து வந்தவர். அவரோ தீவிரமான மோகன் பகான் ரசிகர். எனவே அந்த ஒருவரி விளக்கம் எனக்குப் போதவில்லை. இவ்விரு கிளப்புகளையும் வேறுபடுத்துவது எது, சாதனைகளின்படி எது பெரியது, நம் பக்கத்து வீரர்களுக்கு இவற்றில் இடம் உண்டா என்பதை அறிந்தவர்கள் சற்று விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மைதான் நடையாளர்

நண்பருக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நகரில் வசிப்பவன் என்ற முறையில், பலரும் தவறாகச் சொல்லும் ஒரு செய்தியிலிருந்து தொடங்குகிறேன். ஈஸ்ட் பெங்கால், நாட்டுப் பிரிவினையால் அகதிகளாக வந்தவர்கள் தொடங்கிய கிளப் என்று இளையவர்கள் பலர் நினைக்கிறார்கள். அது தொடங்கப்பட்டது 1920 ஆகஸ்ட் 1 அன்று; பிரிவினைக்கு இருபத்தேழு ஆண்டுகள் முன்னால்.

தொடங்கிய காரணமும் கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு ஜூலை 28 அன்று கூச் பிஹார் கோப்பையில் ஜோராபகான் அணியும் மோகன் பகானும் மோதின. ஜோராபகான் நிர்வாகம் சைலேஷ் போஸ் என்ற தற்காப்பு ஆட்டக்காரரைக் காரணம் சொல்லாமல் அணியிலிருந்து நீக்கியது. அவர் கிழக்கு வங்கத்தவர் என்பதற்காகவே நீக்கப்பட்டார் என்று கருதிய அந்த கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி, வாதாடியும் பயனில்லாமல் போகவே வெளியேறி, சில நாட்களுக்குள் நண்பர்களுடன் புதிய கிளப்பைத் தொடங்கிவிட்டார். அதாவது, மூலச் சண்டை மோகன் பகானோடு நடந்ததே இல்லை. அன்றைக்கு எதிர்ப்பக்கம் நின்ற அணி என்பதைத் தவிர மோகன் பகானுக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது. இதைச் சொன்னால் இரண்டு பக்கத்தாருமே ஏற்கத் தயங்குகிறார்கள்.

பிறகு 1947 வந்தது. வீடும் நிலமும் இழந்து ஜாதவ்பூர், டம்டம் பக்கத்துக் காலனிகளில் ஓலைக் குடிசை போட்டவர்களுக்கு, தாங்கள் விட்டுவந்த மண்ணின் பெயரையே தாங்கிய ஒரு கிளப் இந்நகரில் ஏற்கெனவே இருந்தது. ஈஸ்ட் பெங்காலின் வெற்றி அவர்களுக்கு எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிரிந்து இறுகியது இந்தக் காலத்தில்தான். வென்றால் ஈஸ்ட் பெங்கால் வீடுகளில் இலிஷ் (ஹில்சா) மீனும், மோகன் பகான் வீடுகளில் இறாலும் சமைப்பது என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது.

ஆனால், ஆட்டக்காரர்களின் பிறப்பிடத்தைப் பார்த்தால் அந்தக் கோடு அழிந்துவிடும். மோகன் பகானின் தற்காப்பில் மதில்போல் நின்றதால் 'சீனப் பெருஞ்சுவர்' என்று பெயர் பெற்ற கோஷ்டோ பால் பிறந்தது கிழக்கு வங்கத்தின் ஃபரீத்பூர் மாவட்டத்தில். வாழ்நாள் முழுவதும் மோகன் பகானுக்கு மட்டுமே ஆடியவரும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவருமான சுனி கோஸ்வாமி பிறந்த கிஷோர்கஞ்ச் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. ஆகவே உங்கள் வலப்பக்க நண்பர் விதிவிலக்கானவர் அல்லர்; நல்ல துணையோடுதான் இருக்கிறார்.

பதில்: சிவப்பும் பொன்மஞ்சளும்

ஈஸ்ட் பெங்கால் ரசிகனான எனக்கு ஐயா சொன்னதில் மறுப்பில்லை. ஆனால், அந்த மூலச் சண்டை எந்த கிளப்பின் குணத்தை உருவாக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறந்த ஊரைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கியதை எதிர்த்துப் பிறந்த கிளப், வெளியூர்க்காரர்களுக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தது. நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலின் முன்களத்தில் ஆடிய ஐவரை வங்காளிகள் இன்றும் 'பஞ்ச பாண்டவர்' என்கிறார்கள். வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய அந்த ஐவரும் தென்னிந்தியர்கள். கிழக்கு வங்க அகதிகள் தங்கள் மானத்தைக் காப்பவர்களாகக் கொண்டாடிய ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது. அடுத்து செகந்திராபாத்திலிருந்து வந்த துளசிதாஸ் பலராம். தஞ்சாவூரைச் சேர்ந்த காலியா குலோத்துங்கனும் இந்த உடையை அணிந்தவரே. 1980-இல் ஈரானிலிருந்து வந்த மஜீத் பிஷ்கர், இங்கே ஆடியது சில பருவங்கள் மட்டுமே. அப்படியிருந்தும் 2019-இல் நூற்றாண்டு விழாவுக்கு அவர் திரும்பி வந்தபோது, அவர் ஆடியதைக் கண்ணால் கண்டிராத இளைஞர்கள்கூட விமான நிலையத்தில் திரண்டு நின்றார்கள்.

நந்தகுமார் சேகரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சென்னைப் பையன். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பையின் குழு ஆட்டத்தில் ஒரு டெர்பி. அதற்கு முன் தொடர்ந்து எட்டு டெர்பிகளில் நாங்கள் தோற்றிருந்தோம்; கடைசியாக வென்று நான்கரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று இரண்டாம் பாதியில் வலப்புறத்தில் பந்தைப் பெற்றவர், உள்நோக்கி வெட்டித் தம் இடது காலால் அடித்த பந்து வளைந்து வலைக்குள் சென்றது. ஆட்டம் 1-0. என்னருகே நின்ற முதியவர் ஒருவர் கைதட்டவில்லை, கூச்சலிடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் சூப்பர் கோப்பையில் மோகன் பகானை 3-1 என்று வென்றபோதும் நந்தகுமார் ஒரு கோல் அடித்தார். அந்தக் கோப்பையையும் நாங்களே வென்றோம்.

பழைய கணக்கு வேண்டுமென்றால், 1975 ஐஎஃப்ஏ ஷீல்டு போட்டியின் இறுதியாட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக 5-0 என்ற வெற்றி. 1970 முதல் 1975 வரை தொடர்ச்சியாக ஆறு முறையும், 2010 முதல் 2017 வரை தொடர்ச்சியாக எட்டு முறையும் கல்கத்தா லீக் பட்டம். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் 1,31,781 பேர் முன்னிலையில் பாய்ச்சுங் பூட்டியாவின் ஹாட்ரிக்குடன் மோகன் பகானுக்கு எதிராக 4-1. 2003-இல் ஜகார்த்தாவில் தாய்லாந்தின் பிஇசி தேரோ சாசனா அணியை 3-1 என வென்று பெற்ற ஆசியான் கிளப் கோப்பை. வெளிநாட்டு மண்ணில் இத்தகைய கோப்பையை வென்றது எங்கள் கிளப்.

பதில்: பச்சையும் அரக்கும்

மோகன் பகான் ரசிகனான நானும் நந்தகுமாரின் அந்தக் கோலை நேரில் பார்த்தேன். அது சிறந்த கோல் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அதே கோப்பையின் இறுதியாட்டத்தில் செப்டம்பர் 3 அன்று இரு அணிகளும் மீண்டும் மோதியதைச் சகோதரர் சொல்லாமல் விட்டுவிட்டார். அதுவரை இரு கிளப்புகளும் தலா பதினாறு டூரண்ட் கோப்பைகளுடன் சமநிலையில் இருந்தன. அனிருத் தாப்பா சிவப்பு அட்டை பெற்று வெளியேறியதால் நாங்கள் பத்துப் பேருடன் ஆடிக்கொண்டிருந்தபோது, திமித்ரி பெட்ராடோஸ் தனியாகப் பந்தை எடுத்துச் சென்று அடித்த ஒரே கோல் பதினேழாவது கோப்பையை எங்களுக்குத் தந்தது.

லீக் பட்டங்களில் 2004 வரை இருவரும் சரிசமம்: பழைய தேசிய லீக்கை ஆளுக்கு மூன்று முறை வென்றிருக்கிறோம். அதன் பிறகு 2014–15, 2019–20 ஆகிய பருவங்களில், தேசிய லீக்கின் இடத்தைப் பிடித்த ஐ-லீக் எங்களுக்கு வந்தது. ஈஸ்ட் பெங்காலுக்கு ஐ-லீக் பட்டம் ஒருமுறைகூட வாய்க்கவில்லை. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடரில் 2022–23 கோப்பை, 2023–24 ஷீல்டு (லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்கானது), 2024–25 பருவத்தில் ஷீல்டும் கோப்பையும் சேர்ந்து. 2020 முதல் 2024–25 பருவம் வரை நடந்த பத்து ஐஎஸ்எல் டெர்பிகளில் ஒன்பதில் வெற்றி, ஒன்றில் சமநிலை.

இருந்தாலும், எண்ணிக்கைக்காக நான் இந்த கிளப்பை நேசிக்கவில்லை. 1889-இல் வடகொல்கத்தாவில் ஒரு மாளிகைத் தோட்டத்தில் தொடங்கிய கிளப் இது. 1911 ஜூலை 29 அன்று ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதியாட்டத்தில், ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலுடன் ஆடிய எங்கள் அணி, பூட்ஸ் அணிந்த ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றது. முதலில் கோல் வாங்கியது நாங்கள்தான். அணித்தலைவர் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். ஆடுகளத்தைப் பார்க்க முடியாமல் வெளியே நின்ற பெருங்கூட்டத்துக்குக் காற்றாடி பறக்கவிட்டு கோல் கணக்கைத் தெரிவித்தார்கள். 1905-இன் வங்கப் பிரிவினைக்குப் பிறகு கொந்தளித்துக் கொண்டிருந்த காலம் அது. ஆளும் இனத்தை அதன் சொந்த ஆட்டத்தில், அதன் சொந்தக் கோப்பைக்காக, அதன் கண்முன்னே வென்றதன் பொருள் அன்று ஒவ்வொருவருக்கும் புரிந்திருந்தது.

அந்த நினைவே எங்கள் குணத்தை உருவாக்கியது. 1991-இல் நைஜீரியாவின் சீமா ஒகோரி வரும்வரை வெளிநாட்டு வீரரைச் சேர்ப்பதில்லை என்ற பிடிவாதத்தில் இருந்தோம். அதனால் இழந்த கோப்பைகள் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால், வெறுங்காலுடன் வென்றவர்களின் வழிவந்தோம் என்று நம்பும் கிளப்புக்கு அந்தப் பிடிவாதம் இயல்பாகவே வந்தது என்று சொல்வேன்.

2020-இல் கொல்கத்தாவின் ஐஎஸ்எல் கிளப்பான ஏடிகேவுடன் இணைந்தபோது 'ஏடிகே மோகன் பகான்' என்று பெயர் மாறியது. அணி வென்றுகொண்டிருந்தபோதே, அந்த மூன்றெழுத்தை நீக்குங்கள் என்று மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் போராடினோம். 2023 மார்ச்சில் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற இரவில்தான் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. கோப்பையைவிட அந்த அறிவிப்பு எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

புதிய பார்வையாளர்

மூவருக்கும் நன்றி. வெறுங்கால் ஆட்டத்தைப் பற்றிப் பள்ளிப் பருவத்தில் படித்ததுண்டு. காற்றாடிச் செய்தி எனக்குப் புதிது. ஒரு கேள்வி மட்டும் எஞ்சுகிறது. இவ்வளவு ஆழமாக வேரோடிய பிரிவில், யாராவது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சென்றால் ரசிகர்கள் அதை எப்படி ஏற்கிறார்கள்?

பதில்: மைதான் நடையாளர்

வீரர்கள் மாறுவது இங்கே காலங்காலமாக நடப்பதே. கோபம் ஒரு பருவம் நீடிக்கும். மீண்டும் திரும்பி வந்தால் மாலையும் கிடைக்கும். இதற்கு ஒரு குடும்பத்தின் கதையையே சொல்லலாம். 1980-இல் மஜீதுடன் ஈரானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தவர் ஜம்ஷித் நசீரி. அவர் இந்நகரிலேயே தங்கிவிட்டார். அவருடைய மகன் கியான் நசீரி 2022 ஜனவரி 29 அன்று மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கி ஹாட்ரிக் அடித்தார். அடித்தது மோகன் பகானுக்காக, ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக. பெருந்தொற்றுக் காலம் என்பதால் கோவாவில் பார்வையாளர்கள் இல்லாத அரங்கில் நடந்த ஆட்டம் அது. அன்றிரவு இந்நகரின் தேநீர்க் கடைகளில் தகப்பனின் நிலையைப் பற்றித்தான் பேச்சு. அவர் மகனுக்காக மகிழ்ந்ததை ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களில் யாரும் குற்றமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால், ஒரு நாளை இரு பக்கத்து ரசிகர்களுமே மறக்கக் கூடாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் நடந்த டெர்பியில், கேலரியில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு ரசிகர்கள் இறந்தார்கள். மாலையில் வீடு திரும்புவதாகச் சொல்லிச் சென்ற பிள்ளைகள். ஆண்டுதோறும் அந்த நாளில் இங்கே ரத்ததான முகாம் நடக்கிறது; நானும் பல முறை கொடுத்திருக்கிறேன். எந்த ரசிகர் கொடுத்த ரத்தம் எவருக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரமே கொதித்தபோது, 18-ஆம் தேதி நடக்கவிருந்த டூரண்ட் டெர்பி ரத்து செய்யப்பட்டது. ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் இரு கிளப்புகளின் ரசிகர்களும், நகரின் மற்றொரு கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும் கொடிகளோடு சால்ட் லேக் அரங்கின் முன் கூடி நீதி கேட்டார்கள். ஒரு கிளப்பின் உடை அணிந்தவர் தோளில் மறு கிளப்பின் உடை அணிந்தவர் அமர்ந்து முழக்கமிட்ட படம் பலரும் பார்த்தது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். இத்தனை ஆண்டுகளில் இரு கொடிகளையும் ஒரே கையில் பிடித்த ஆட்களை அன்றுதான் பார்த்தேன்.

நீங்கள் எந்தப் பக்கம் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. எஸ்பிளனேடில் இறங்கி மைதான் என்னும் பெருந்திடலுக்குள் நடந்தால் இரண்டு கிளப்புகளின் களங்களையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். கல்கத்தா லீக் ஆட்டம் ஒன்றுக்கு முதலில் செல்லுங்கள். அங்கே கேலரி களத்துக்கு நெருக்கமாக இருப்பதால் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் அழைக்கும் குரல்கூடக் கேட்கும். டெர்பிக்குப் போவதானால், உங்கள் இரு மேசை நண்பர்களில் எவர் முதலில் அழைக்கிறாரோ அவருடன் செல்லுங்கள். அடுத்த டெர்பிக்கு மற்றவருடன் செல்வதாக அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.