நம்பை (NumPy) அட்டவணை நடுவில் புள்ளி புள்ளியாக வருகிறது, அவசரம்

கடைமடைப் பிள்ளை: அண்ணன்களே, கல்லணை நீர்த்திறப்புக் கணக்கை பிரிண்ட் கொடுத்தால் முதல் மூன்று வரி, நடுவில் புள்ளிகள், கடைசி மூன்று வரி. அவ்வளவுதான் வருகிறது. 3012 இருக்க வேண்டிய இடத்தில் 3.012ஈ+03 என்று நிற்கிறது. போன வாரம் நன்றாக வந்தது, எதையும் மாற்றவில்லை. நாளைக் காலை ஊர்க் கூட்டத்தில் தாளை ஒட்டவேண்டும்.

குடந்தை: பைத்தானா தம்பி? எத்தனை வரிசை, எத்தனை பத்தி?

மன்னை: டெர்மினல் ஜன்னல் சின்னதாக இருக்கும். இழுத்துப் பெரிதாக்குங்கள். எனக்கு எப்போதும் அதுதான் கோளாறு.

பழைய உறுப்பினர்: ஆவணத்தைப் படிக்காமல் இங்கே வந்து நிற்பதே வழக்கமாகிவிட்டது. வெறும் நம்பை அணியை (array) பிரிண்ட் செய்வது பள்ளிப் பிள்ளைகள் வேலை. அட்டவணைக்கென்றே இருக்கிற பாண்டாஸ் (pandas) நூலகத்துக்கு மாறுங்கள்.

குடந்தை: ஐயா, பாண்டாஸும் 60 வரிசைக்கு மேல் போனால் நடுவை வெட்டத்தான் செய்யும். டூ_ஸ்ட்ரிங் (to_string) போட்டால்தான் முழுசாக வரும்.

கடைமடைப் பிள்ளை: பைத்தான்தான், அதில் எண் கணக்குக்கான நம்பை நூலகம். ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை நாளுக்கு ஒரு வரிசை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். இந்த வாரம் மழையளவையும் ஒரு பத்தியாகச் சேர்த்தேன். கடைசி நாள் தூறல் 0.4 மில்லிமீட்டர். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது.

திருவையாறு: தம்பி, இரண்டு கோளாறும் அந்த மழையால் வந்தவைதான். 231 நாள், நாலு பத்தி என்றால் 924 எண். ஐந்தாவது சேர்ந்ததும் 1155. எண்ணிக்கை 1000 தாண்டினால் நம்பை ஓரங்களை மட்டும் காட்டும். காட்டுகிற எண்களில் பெரியது, சிறியதைப் போல 1000 மடங்குக்கு மேல் இருந்தால் ஈ வடிவத்துக்கு, அதாவது பத்தின் அடுக்காக எழுதும் முறைக்குத் தாவும். உங்களிடம் 3012-உம் 0.4-உம் பக்கத்தில் நிற்கின்றன. செட்_பிரிண்ட்ஆப்ஷன்ஸில் (set_printoptions) திரெஷோல்ட் 2000 (வெட்டத் தொடங்கும் எல்லை), சப்ரஸ் ட்ரூ (ஈ வடிவம் வேண்டாம்), பிரிசிஷன் 1 (ஒரு தசம இடம்) கொடுங்கள்.

மன்னை: எல்லாவற்றையும் டிஎம்சி (நூறு கோடி கன அடி) ஆக்கினால் பெரிய எண்ணே வராதே? விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி.

வேதாரண்யம்: 3012 கன அடியை 0.26 டிஎம்சி என்று ஒட்டினால் எங்கள் ஊரில் யாருக்கு விளங்கும்? மேட்டூரின் 93.47 டிஎம்சி அணைக்காரர்கள் கணக்கு. நாற்றங்கால் காய்கிறவனுக்கு ஆற்றில் இன்றைக்கு எத்தனை கன அடி என்பதுதான் வேண்டும்.

மன்னை: பருவம் முழுக்க எவ்வளவு வந்தது என்று கேட்க டிஎம்சி வேண்டாமா? உரிமை பேசும்போது அந்தக் கணக்கைத்தானே கேட்கிறார்கள்.

வேதாரண்யம்: அதைத் தாளின் அடியில் ஒரு வரியாகப் போடட்டும். தினக்கணக்கில் கலக்க வேண்டாம். கல்லணைக் கால்வாய்க்குப் பக்கத்தில் புது ஆறு என்றும் எழுதுங்கள், தஞ்சைப் பக்கம் அப்படிச் சொன்னால்தான் தெரியும்.

திருவையாறு: தலைப்பைத் தமிழில் வைத்தால் பத்திகள் கோணும், தம்பி. வெண்ணாறு நம் கண்ணுக்கு நாலு எழுத்து. பைத்தான் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி 8 என்கும். இடைவெளி போட்டுச் சரிசெய்ய முயலவேண்டாம், தமிழ் எழுத்துக்கு ஒரே அகலம் கிடையாது. சிஎஸ்வி (CSV) கோப்பாகச் சேமித்து லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்து கட்டம் போடுங்கள்.

கடைமடைப் பிள்ளை: வந்துவிட்டது அக்கா, 231 வரியும். மழையைத் தனித் தாளாக்கிவிட்டேன். கரண்ட் போவதற்குள் பிரிண்ட் எடுக்கிறேன்.

குடந்தை: தலைப்பு நேராக வந்ததா, தம்பி?