இளவட்டக்கல்லைச் சிமெண்டில் பதிக்கலாமா?

கேள்வி (நாங்குநேரி வட்டாரத்திலிருந்து)

அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு முன்னுள்ள வேப்பமரத்தடியில் ஓர் இளவட்டக்கல் பாதி புதைந்து கிடக்கிறது. அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவனுக்குத்தான் அந்தக் காலத்தில் பெண் கொடுப்பார்கள் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் தலைமுறைக்குப் பிறகு அதை யாரும் அசைத்ததாகத் தெரியவில்லை. வரும் கொடைத் திருவிழாவுக்கு முன் முற்றத்தைச் சீர்செய்யும்போது, கல்லைத் தோண்டியெடுத்து, மேடை கட்டிச் சிமெண்டில் பதித்து, வண்ணம் பூசிவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. மண்ணை விலக்கி நடுவில் நூல் சுற்றி அளந்ததில் 132 சென்டிமீட்டர் வந்தது. எடை எவ்வளவு இருக்கும்? இத்தகைய கல் நம் பக்கம் மட்டும்தான் உண்டா?

மறுமொழி (பாளையங்கோட்டை)

எடையைக் கணக்கிட்டுவிடலாம். சுற்றளவு 132 என்றால் விட்டம் ஏறக்குறைய 42 சென்டிமீட்டர். கல் நல்ல உருண்டையாக இருந்தால் கன அளவு 38,800 கன சென்டிமீட்டர் அளவில் வரும். நம் பக்கத்துக் கருங்கல் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம் இருக்குமாகையால், உங்கள் கல் 105 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். மேலும் கீழும் தட்டையாக இருந்தால் சற்றுக் குறையும்.

மறுமொழி (வள்ளியூர்)

நம் பக்கம் மட்டுமல்ல. ஐஸ்லாந்தின் மேற்குக் கடற்கரையில் மீன்பிடி படகில் ஆள் சேர்க்கும்போது நான்கு கற்களைத் தூக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் பெரியது 154 கிலோ, சிறியது 23 கிலோ. அங்கே படகில் இடம், இங்கே பெண். இரண்டு ஊரிலும் கேட்கப்பட்டது ஒன்றுதான். ஸ்காட்லாந்தில் டொனால்ட் டின்னி என்னும் பலசாலி 1860-இல் இரண்டு கற்களைத் தூக்கிப் பாலத்தைக் கடந்தார். சேர்த்து எடை 332 கிலோவுக்கு மேல். அவை பிற்காலத்தில் மறக்கப்பட்டுக் கிடந்து, 1953-இல் மீண்டும் அடையாளம் காணப்பட்டன. இன்றும் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் அங்கே போய்த் தூக்கிப் பார்க்கிறார்கள். அவற்றை அன்றே காரையில் புதைத்திருந்தால் டின்னியின் பெயர் ஓர் அறிவிப்புப் பலகையோடு நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

உடற்பயிற்சிக்குச் சுழற்றும் நம் கர்லாக்கட்டையையும் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படையினர் அதை இங்கே கண்டு தங்கள் நாட்டுக்கு எடுத்துப் போனார்கள்; 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில்கூட அது இடம்பெற்றது. கைகள் விடாமல் சுழற்றியதால்தான் அது அத்தனை தூரம் போயிற்று.

மறுமொழி (பணகுடி)

ஊர்க்காரர்கள் எண்ணத்தையும் முழுதாகத் தள்ள வேண்டாம். கல் மழையில் புதைந்து போவது உண்மை. ஆனால் மேடைக்குப் பதில், நாலடிக்கு நாலடி குழி தோண்டி ஆற்று மணல் நிரப்பி அதன்மேல் வையுங்கள். பின்னால் போடும்போது கல்லும் உடையாது, தரையும் பெயராது. எங்களுக்கு அருகே வடலிவிளையில் பொங்கலன்று இன்றும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். அங்கே எடை வாரியாகக் கற்கள் உண்டு. அதுதான் முக்கியம்: 105 கிலோவை ஒரே நாளில் யாரும் தொட வேண்டாம்.

உருண்டைக் கல்லில் பிடிமானம் கிடையாது. பளுதூக்கும் கம்பியில் பழகியவர்கூட முதலில் திணறுவார். குந்தி உட்கார்ந்து, முன்கைகளை அடியில் கொடுத்து அணைத்து, முதலில் மடிக்கு ஏற்ற வேண்டும். அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு, கல்லை நெஞ்சோடு சேர்த்து இறுக்கியபடி எழ வேண்டும். நெஞ்சிலிருந்து தோளுக்கு ஏற்றுவதுதான் கடைசிக் கட்டம். சிறிய கல்லில் சில மாதங்கள் பழகியபின் பெரிய கல்லுக்கு வாருங்கள். வண்ணம் மட்டும் கட்டாயம் வேண்டாம். கை வழுக்கினால் கால் போய்விடும்.

கேட்டவர்

அண்ணாச்சி, மிக்க நன்றி. நேற்றுக் கூட்டத்தில் மணல் குழியைப் பற்றிச் சொன்னேன். வண்ணம் வழுக்கும் என்றதும் பெரியவர் ஒருவர், தம் இளமையில் கல்லில் மண்ணைத் தேய்த்துக்கொண்டுதான் தூக்கினோம் என்று எழுந்து நின்று சொன்னார். மேடைப் பேச்சு அத்தோடு நின்றது. அவர் காலத்துச் சிறிய கல் ஒன்று குளத்தங்கரையில் கிடப்பதாகவும் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தேடப் போகிறோம்.