டிஷ் இல்லாமல் பெரியவர்களுக்கு டிவி: எந்தப் பெட்டி சரிப்படும்?

வணக்கம். அழகர்கோவில் பக்கம், எழுபது தாண்டிய இருவர் மட்டும் இருக்கும் ஓட்டு வீடு. குரங்குத் தொல்லை வேறு. டிஷ் கோணம் சற்றே திரும்பினாலும் சிக்னல் போய்விடும். கேபிள் வரவில்லை, ஃபைபர் நெட் உண்டு. அதில் ஓடும் செட்டாப் பெட்டிதான் வழி.

ஒரே ரிமோட், அதில் எண் பொத்தான்கள். எண்ணை அழுத்தினால் நேராக டிடி தமிழ் வரணும். ஆப் திறந்து தேடுவதெல்லாம் அவர்களுக்கு ஆகாது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதை நேரலையில் பார்த்தே ஆகணும்.

பெட்டியை எச்டிஎம்ஐ-1இல் செருகி, டிவி செட்டிங்கில் சிஇசி என்ற வசதியை ஆன் செய்தால் பெரும்பாலும் பெட்டி ரிமோட்டே டிவியையும் இயக்கும். டிவி ஆன் ஆகும்போது வரும் இன்புட்டையும் எச்டிஎம்ஐ-1 என்றே வைத்துவிடணும். இல்லாவிட்டால் திரை நீலமாக நிற்கும், பயந்துபோவார்கள். வைஃபையைவிட லேன் ஒயர் மேல்.

பெரிய சிக்கல் கரண்ட் போய் வரும்போதுதான். ரவுட்டர் எழும் முன்பே பெட்டி எழுந்து 'நெட் இல்லை' என்று நின்றுவிடும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டால் இது தீரும். அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியரைப் பார்த்து வாங்கணும்.

கரண்ட் வந்ததும் முகப்பில் நிற்காமல், கடைசியாகப் பார்த்த சேனலுக்கே தானாகப் போகும் பெட்டி எது? அடிக்கடி லாகின் கேட்கக் கூடாது. மேலூர், நத்தம் ரோடு பக்கம் வைத்திருப்பவர்கள் மாடல் பெயரோடு சொல்லுங்கள்.