கடுகு வளையம் கோர்த்த சட்டம்: இது என்ன?

பத்தமடைக்காரி: பாளையங்கோட்டை பழைய இரும்புக் கடையில் உள்ளங்கை அளவு சட்டம் ஒன்று கிடைத்தது. குறுக்கும் நெடுக்கும் செம்புக் கம்பி, சந்திக்கும் இடமெல்லாம் கடுகு போலக் கருப்பு வளையம். எங்க ஊர்ப் பாய் நெசவு மாதிரியே இருக்கு. என்ன இது?

தாமிரபரணி: கோர் மெமரி அக்கா, பழைய கம்ப்யூட்டரின் நினைவகம். ஒரு வளையம் ஒரு பிட். வளையத்தில் காந்தப்புலம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதுதான் அந்த பிட்டின் 0 அல்லது 1. கரண்ட் போனாலும் அழியாது. ஆனால் படித்தாலே அழிந்துவிடும், உடனே திருப்பி எழுத வேண்டும்! அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து வேர்ல்விண்ட் கம்ப்யூட்டரில் 1953-ல் மாட்டினார்கள்.

பத்தமடைக்காரி: கையாலயா கோர்த்தாங்க?

பேட்டைவாசி: பெரும்பாலும் பெண்கள்தான், மைக்ரோஸ்கோப்பில் பார்த்து. 1970-ல் இன்டெல் 1103 வந்தது, 1024 பிட் மெமரி சிப். அப்புறம் இதற்கு இறங்குமுகம். கம்பியை இழுத்துடாதீங்க, வளையம் நொறுங்கிவிடும்.

பத்தமடைக்காரி: ரெண்டு ஏற்கெனவே போச்சு அண்ணாச்சி.