வேலை போன பிறகு கலைப்பக்கம் திரும்பியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

குரல்வழி

எங்கள் பிரிவையே மூடியபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை, நாள் முழுக்கப் பேச வேண்டும். அதனால் ஒலிப்புத்தகம் வாசிக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. "மாசம் எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்டார்கள். ரொம்ப நாள் என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

பேசத் தெரிந்தவருக்கு வாசிப்பது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் குரலுக்கு முன்னால் அறைதான் தொல்லை கொடுக்கும். ஒலிப்புத்தகங்களை விற்பனைக்கு ஏற்றும் ஏசிஎக்ஸ் தளத்தின் விதிப்படி (பதிவில் 0 டெசிபல்தான் உச்ச வரம்பு, சத்தம் குறையக் குறைய எண் கீழே இறங்கும்), யாரும் பேசாத இடத்தில் பதிவாகும் இரைச்சல் -60 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது, குரலின் உச்சம் -3 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஃபேன், ஃப்ரிட்ஜ், லேப்டாப்புக்குள் சுற்றும் குட்டி விசிறி எல்லாமே மாட்டிக்கொள்ளும். துணி எதிரொலியை உறிஞ்சும் என்பதால் பலரும் துணி அலமாரிக்குள் தலையை விட்டுத்தான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான். (வியர்வையைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை.) அப்புறம் எடிட்டிங். ஒரு மணி நேர ஒலி தயாராக, வாசிப்பு, திருத்தம், மறுபடி கேட்பது என்று அதைப் போலப் பல மடங்கு நேரம் போகும். முடிந்த ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். இந்தக் கணக்கைப் போடாமல் ஒப்புக்கொண்டால் பாதி வேலை இலவசம்.

நான் சொல்ல வந்தது ஒரு சந்திப்பைப் பற்றி. தெரிந்தவர் மூலமாக ஒலிப்பதிவாளர் ஒருவரைப் பார்க்கப் போனேன். மாதிரிப் பதிவை முழுசாகக் கேட்டார். பிறகு, "ஒவ்வொரு வாக்கியம் முடிஞ்சதும் யாராவது தலையாட்டணும்னு காத்திருக்கீங்க. இங்க தலையாட்ட ஆள் இல்லையே" என்றார்.

பயிற்சி வகுப்பில் படிந்த பழக்கம் அது. எனக்குப் பல வருடம் சம்பளம் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். மைக், மென்பொருள் எல்லாம் சீக்கிரம் பிடிபட்டன. இதை உதறத்தான் நாளானது. முழுப் புத்தகத்துக்கு இப்போதே கையெழுத்துப் போடாதீர்கள் என்றும் சொன்னார். ஒரு சிறுகதையை முடித்து நாலு பேரிடம் கொடுங்கள், நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள் என்றார். நண்பர்கள் முதல் கேள்விக்குப் பொய் சொல்வார்கள். இரண்டாவதற்குச் சொல்ல வராது. என் கதையைப் பெரும்பாலானவர்கள் நிறுத்தியது உரையாடல் வந்த இடத்தில். இரண்டு பாத்திரங்களும் ஒரே ஆள் மாதிரி இருந்தார்களாம்.

இப்போது வாசிப்பு பாதி, தற்காலிகப் பயிற்சி வகுப்புகள் பாதி. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

கோட்டுக்காரி

நான் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள். ஆள்குறைப்பில் போனதும் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைய வந்தேன். என் கோடு ரொம்ப நேராக இருக்கிறது என்று முதலில் எல்லாரும் குறை சொன்னார்கள். மாற்றப் பார்த்தேன், கேவலமாக வந்தது. கடைசியில் வீடுகளும் தெருக்களும் நிறைந்த ஒரு கதைக்கு அந்த நேர்கோடுதான் வேண்டும் என்று ஓர் ஆசிரியர் தேடி வந்தார். ஆக, பழைய தொழிலை முழுக்கக் கழற்றிப் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குரல்வழிக்கு உதற வேண்டியிருந்தது, எனக்கு அதுவே கைகொடுத்தது.

"சும்மா ஒரு சாம்பிள் போடுங்க" என்று கேட்பவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை. முன்பணம், எத்தனை முறை திருத்தம், படத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

சந்தேகப்பிராணி

கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை போனதும் எனக்கு வந்து குவிந்தவை எல்லாம் தன்னம்பிக்கைக் கதைகள். அதில் மைக்கேல் ப்ளூம்பெர்க் கட்டாயம் இருப்பார்: 1981-ல் சாலமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி வேலையை விட்டு அனுப்பிவிட்டது, அவர் சொந்த நிறுவனம் தொடங்கிப் பெரும் பணக்காரர் ஆனார். அவர் அங்கே பங்குதாரர், வெளியே வரும்போது கையில் சுமார் 1 கோடி டாலர் இருந்தது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. அந்த மெத்தை இருந்தால் நானும் மாடியிலிருந்து குதிப்பேன்.

எனக்குப் பிடித்தது ஆல்ஃப்ரெட் பட்ஸின் கதை. 1930களின் அமெரிக்கப் பெருமந்தத்தில் வேலை இழந்த கட்டடக்கலைஞர். செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணி, ஒரு சொல் விளையாட்டை உருவாக்கினார். நிறுவனங்கள் வேண்டாம் என்றன. அவர் கட்டடக்கலைக்கே திரும்பிப் போனார், விளையாட்டையும் விடவில்லை. 1948-ல் ஜேம்ஸ் ப்ருனோ என்பவர் அதை எடுத்து ஸ்க்ராபிள் என்று பெயர் வைத்து விற்றார். விற்பனை சூடுபிடித்தது 1952-ல். இத்தனை வருடமும் அதையே நம்பி இருந்திருந்தால் மனிதர் என்ன ஆகியிருப்பார்?

நானும் புகைப்படத்தில் இறங்கி, பிறகு வேறு அலுவலகத்தில் சேர்ந்துவிட்டேன். கேமரா இன்னும் வேலை செய்கிறது. இதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

புதுமுகம்

போன வாரம்தான் எனக்குக் கடிதம் கொடுத்தார்கள். விளம்பரப் பிரிவில் வடிவமைப்பு. சொந்தமாகச் செய்யலாம் என்று ஆசை. எங்கே தொடங்குவது?

குரல்வழி

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். அலுவலகத்துக்காகச் செய்த வேலை பெரும்பாலும் அவர்களுக்கே சொந்தம். எவற்றை மாதிரியாக வெளியே காட்டலாம் என்று எழுத்தில் அனுமதி கேளுங்கள். நீங்கள் போன பிறகு அந்த மின்னஞ்சலுக்கு யாரும் பதில் போட மாட்டார்கள். அப்புறம் கடைசிக் கணக்கில் வரும் தொகை எத்தனை மாதச் செலவுக்குக் காணும், காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது, இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகப்பிராணி சொன்ன மெத்தை எவ்வளவு கனம் என்று தெரிந்தால்தான் எந்த உயரத்திலிருந்து குதிப்பது என்று பேச முடியும். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், மேலே பேசுவோம்.